தவறு எங்கே இருக்கிறது என்று சொல்வதும் பங்களிப்புதான்: புதியவர்களுக்கு டெபியன்

கணினி படிக்கும் மாணவர்களுக்கு இப்போது எல்லோரும் ஓர் அறிவுரை சொல்கிறார்கள்: "ஓப்பன் சோர்ஸில் ஏதாவது பங்களிப்பு செய், ரெஸ்யூமேவில் போடலாம்." எதில், எப்படி, யாருக்கு என்பதெல்லாம் கேட்பவர் பாடு. இது எங்கே போய் முடியும் என்பதை 2020 அக்டோபரில் பார்த்தோம். ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சியில் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்கு, அதாவது நிரலை யாரும் படித்துத் திருத்தலாம் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களுக்கு, நான்கு மாற்றங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்றார்கள். முன்பின் பார்த்திராத திட்டங்களின் அறிமுகக் கோப்பைத் திறந்து, "அருமையான திட்டம்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்பியவர்கள் ஏராளம். அவற்றை ஒவ்வொன்றாக நிராகரித்தே பராமரிப்பாளர்கள் நொந்துபோனார்கள். சம்மதம் தெரிவித்த திட்டங்கள் மட்டுமே இனி கணக்கில் சேரும் என்று அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

இதற்கு நேர்மாறான ஒரு கூட்டமும் உண்டு. "இயங்குதளமா? அதெல்லாம் கெர்னல் எழுதத் தெரிந்த மேதைகளுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள். இவர்களில் பலர் பத்து வருடமாக லினக்ஸைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள். எந்தச் செயலி எப்போது முரண்டு பிடிக்கும் என்று அத்துப்படியாகத் தெரியும். ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். இயங்குதளம் எப்படிச் சேர்த்துக் கட்டப்படுகிறது என்பது தெரியவில்லை. அது தெரிந்துவிட்டால் நமக்கான இடம் எது என்பதும் தெரிந்துவிடும். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பழையது, பெரியது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாதது, அதன் வேலை முழுக்க வெளிப்படையாக நடப்பது.

இயங்குதளம் ஒரே மென்பொருள் அல்ல

லினக்ஸ் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், அந்தப் பெயர் கறாராகக் கெர்னலுக்கு மட்டுமே உரியது. வன்பொருளுக்கும் மற்ற மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று நினைவகம், வட்டு, விசைப்பலகை, நெட்வொர்க் எல்லாவற்றையும் பங்கிட்டுத் தரும் மையப் பகுதிதான் கெர்னல். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது இது. கெர்னலை மட்டும் கையில் கொடுத்தால் உங்களால் ஒரு கடிதம்கூட அடிக்க முடியாது. திரை, எழுத்துரு, உலாவி, அலுவலகச் செயலி என்று மற்றவை எல்லாம் வேறு வேறு குழுக்கள், வேறு வேறு ஊர்களில் எழுதுபவை.

அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒரே தொகுப்பாகக் கொடுப்பதுதான் டிஸ்ட்ரோ. டெபியன் ஒரு டிஸ்ட்ரோ. ஒரு மென்பொருளையும், அது ஓடுவதற்கு வேறு எவையெல்லாம் வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்துக் கட்டிய பொட்டலத்துக்குப் பேக்கேஜ் என்று பெயர்.

கல்யாண சமையல் காண்ட்ராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பளம் அவர் இடுவதில்லை, வடகமும் ஊறுகாயும் அவர் போடுவதில்லை. நல்லதாகப் பார்த்து வாங்கி, பொரித்து, எது எதற்குப் பின் வர வேண்டுமோ அந்த வரிசையில் பந்திக்கு அனுப்புகிறார். அப்பளத்தில் உப்பு தூக்கலாக இருந்தால் அவரிடம் சொல்லலாம், அந்தப் பந்திக்கு வேறு அப்பளம் வரும். அப்பளம் இடுகிறவருக்குத் தகவல் போனால்தான் அடுத்த முகூர்த்தத்தில் எல்லா மண்டபத்திலும் சரியாகும். அப்பளம் கருகியிருந்தாலோ, அது இட்டவர் குற்றமல்ல, பொரித்தவர் குற்றம். டெபியன்தான் அந்தக் காண்ட்ராக்டர். மென்பொருளை முதலில் எழுதும் குழு, அப்பளம் இடுகிறவர். அந்த மூலக் குழுவை அப்ஸ்ட்ரீம் என்பார்கள்.

டெபியனை 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் அறிவித்தார். 2025 ஆகஸ்டில் வெளியான 13ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பேக்கேஜ்கள் இருக்கின்றன. உறுப்பினர்களோ ஆயிரம் பேர் அளவில்தான், பெரும்பாலும் தன்னார்வலர்கள். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே எதற்குத் தட்டுப்பாடு என்று புரிந்துவிடும். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் பொறுப்பேற்றிருப்பவர் பராமரிப்பாளர். ஒரே ஆள் பல பேக்கேஜ்களைச் சுமப்பது அங்கே சர்வசாதாரணம்.

உபுண்டு, ராஸ்ப்பெர்ரி பை ஓஎஸ் எல்லாம் டெபியனை எடுத்து அதன்மேல் கட்டியவை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அப்படித்தான். தமிழ்நாட்டு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்திருப்பீர்கள். ஆக டெபியனில் சரியாகும் ஒரு தவறு அதோடு நிற்பதில்லை, இவற்றுக்கும் போய்ச் சேரும்.

சுருக்கமாக: கெர்னல் ஒரு துண்டு மட்டுமே. மற்ற துண்டுகளை அப்ஸ்ட்ரீம் குழுக்கள் எழுதுகின்றன, டிஸ்ட்ரோ அவற்றைத் தொகுக்கிறது. குறை ஒன்று கண்ணில் பட்டால் முதல் கேள்வி, இது யாருடைய துண்டு என்பதுதான்.

'கொ' திரைக்கு வந்து சேரும் வழி

அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிப்பதை ஓர் எழுத்தை வைத்தே பார்த்துவிடலாம். டெபியனில் க்னோம் மேசைத்தளம் (சாளரங்களையும் பட்டியல்களையும் காட்டும் திரைச் சூழல்), தமிழ்99 விசைப்பலகை. எச் விசையை அழுத்தினால் 'க'. அடுத்து சி விசையை அழுத்தினால் அது 'கொ' ஆக வேண்டும். அழுத்துவது இரண்டே விசைகள்தான். நடுவில் எத்தனை பேர் கை வைக்கிறார்கள் பாருங்கள்.

விசை அழுத்தப்பட்டதைக் கெர்னல் கவனிக்கிறது. அதற்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, இன்ன எண்ணுள்ள விசை என்பது மட்டுமே தெரியும். அந்தத் தகவல் மேசைத்தளத்துக்குப் போகிறது. மேசைத்தளம் அதை ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளிடம் கொடுக்கிறது. ஐபஸ் தானாக எதையும் முடிவு செய்வதில்லை, எம்17என் என்ற இன்னொரு நிரலைக் கேட்கிறது. எம்17என் தன் தரவுத்தளத்தில் தமிழ்99க்கான கோப்பைப் பார்க்கிறது. 'க'வுக்குப் பின் இந்த விசை வந்தால் ஒகரக் குறியைச் சேர் என்ற விதி அந்தக் கோப்பில்தான் எழுதியிருக்கிறது. அது வெறும் உரைக் கோப்பு. எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம்.

இப்போது எழுத்து செயலிக்குள் வந்துவிட்டது. இன்னும் திரைக்கு வரவில்லை. செயலியிடம் இருப்பவை இரண்டு யூனிகோட் எண்கள், ஒன்று 'க'வுக்கு, ஒன்று ஒகரக் குறிக்கு. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்து வைத்து வரைய வேண்டும் என்று கணக்குப் போடுவது ஹார்ஃப்பஸ் என்ற நூலகம், அதாவது மற்ற செயலிகள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபிஸ் இரண்டுமே அதைத்தான் நம்பியிருக்கின்றன. கடைசியில் எழுத்துரு வந்து கோடுகளைத் தருகிறது.

இதில் எங்கே வேண்டுமானாலும் கோளாறு வரலாம். வருகிற இடத்தைப் பொறுத்து அறிகுறி மாறும். எச், சி அடித்தால் 'கொ'வுக்குப் பதில் 'கோ' வருகிறதா? எல்லாச் செயலியிலும் அப்படியே வருகிறதா? அப்படியானால் தரவுத்தளத்தில் உள்ள தமிழ்99 கோப்பைச் சந்தேகப்படலாம். உலாவியில் சரியாகத் தெரிந்து, கட்டளைகளை அடிக்கும் முனையத்தில் மட்டும் கொம்பும் காலும் உடைந்து நிற்கிறதா? அது முனையச் செயலியின் தவறு. முனையம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் போட்டு வைத்திருக்கும், தமிழ் அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. டெபியனை நிறுவும்போதுகூட வரைகலை நிறுவியில்தான் தமிழைத் தேர்ந்தெடுக்க முடியும், வெறும் எழுத்துத் திரை நிறுவியில் முடியாது. எழுத்துருவை மாற்றியதும் சரியாகிவிட்டதா? எழுத்துருவின் குறை.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. 'கொ'வை 'க'வோடு ஒரே ஒகரக் குறி என்றும் சேமிக்கலாம், 'க'வோடு கொம்பு தனி, கால் தனி என்றும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். இரண்டையும் சமமாகப் பாவிக்க வேண்டும் என்பது யூனிகோட் விதி. அதைக் கவனிக்காத ஒரு செயலியில் தேடினால் கண்முன்னே இருக்கும் சொல் "இல்லை" என்று வரும். இந்த மாதிரிக் குறையை ஆங்கிலம் மட்டும் அடிக்கும் ஒருவர் ஆயுசுக்கும் கண்டுபிடிக்கமாட்டார். கெர்னல் எழுதத் தெரிந்தாலும் சரி. தினமும் தமிழ் அடிக்கிற ஆள் வேண்டும்.

எந்த அடுக்கு என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை எல்லாம் அப்படியே வைத்துப் பார்க்க வேண்டும். அதே எழுத்தை வேறு செயலியில் ஒட்டிப் பாருங்கள், வேறு எழுத்துருவில் பாருங்கள், வேறு பயனர் கணக்கில் நுழைந்து பாருங்கள். இதில் ஒரு கண்ணி: க்னோமின் விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99 என்ற பெயரில் எம்17என் வழி வருவது ஒன்று, அந்தப் பக்கமே போகாமல் வேறொரு தரவிலிருந்து வருவது இன்னொன்று என்று இரண்டு இருக்கலாம். எதை வைத்துச் சோதித்தீர்கள் என்று குறிப்பிடாவிட்டால் பராமரிப்பாளர் தவறான கோப்பைத் தோண்டிக்கொண்டிருப்பார்.

திருத்தம் உங்கள் கணினிக்கு வரும் பாதை

அடுக்கு தெரிந்துவிட்டது, யாரோ திருத்தியும் விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நாளே உங்கள் கணினியில் சரியாகிவிடுமா? ஆகாது. புதியவர்கள் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

டெபியனில் மூன்று கட்டங்கள் உண்டு. புதிய பேக்கேஜ் முதலில் 'அன்ஸ்டேபிள்' என்ற பகுதிக்குள் வரும். அங்கே சில நாட்கள், வழக்கமாக ஐந்து நாட்கள் போல, பெரிய கோளாறு எதுவும் கிளம்பாமல் இருந்தால் 'டெஸ்டிங்' பகுதிக்குத் தானாகவே நகரும். அவசரத்தைப் பொறுத்து இந்தக் காத்திருப்பு 2 நாளாகவும் இருக்கலாம், 10 நாளாகவும் இருக்கலாம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை டெஸ்டிங்கை அப்படியே உறைய வைத்து, பழுது பார்த்து, 'ஸ்டேபிள்' என்று வெளியிடுவார்கள். வெளியான பின் ஸ்டேபிளில் பாதுகாப்புத் திருத்தங்களும் மிக முக்கியமான சில திருத்தங்களும் மட்டுமே நுழைய முடியும். உங்கள் திருத்தம் சின்னது என்றால் அடுத்த பெரிய வெளியீடு வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

சரி, திருத்தத்தை டெபியனில் செய்வதா, அப்ஸ்ட்ரீமில் செய்வதா? பேக்கேஜ் கட்டிய விதத்தில் தவறு என்றால் டெபியனில். நிரலிலேயே தவறு என்றால் அப்ஸ்ட்ரீமில். இதில் வழி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் வரலாற்றிலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் என்பது மறைகுறியாக்கத்துக்கான நூலகம். ஒரு சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியதால், 2006இல் டெபியன் பேக்கேஜில் மட்டும் அதன் நிரலில் சில வரிகளை நீக்கினார்கள். நீக்கியதில் முக்கியமான ஒரு வரியும் போய்விட்டது. ரகசியச் சாவிகள் உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையை ஊட்டிக்கொண்டிருந்த வரி அது. அதன்பின் அந்தக் கணினிகளில் உருவான சாவிகளை, சில பல்லாயிரம் சாத்தியங்களை முயன்றாலே ஊகித்துவிடலாம் என்ற நிலை. 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. உலகம் முழுக்கச் சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. அந்த மாற்றம் ஒரு பேட்சாக, அதாவது "இந்த வரியை எடு, இந்த வரியைப் போடு" என்று சொல்லும் சிறு கோப்பாக, முறைப்படி அப்ஸ்ட்ரீமின் பரிசீலனைக்குப் போயிருந்தால், அந்த நிரலை எழுதியவர்களில் ஒருவராவது கவனித்திருக்க வாய்ப்பிருந்தது.

சுருக்கமாக: திருத்தம் அன்ஸ்டேபிள், டெஸ்டிங், ஸ்டேபிள் என்று படி ஏறி வரும். நிரலில் உள்ள தவறுக்கு அப்ஸ்ட்ரீமிலேயே மருந்து போட வேண்டும்.

வழு அறிக்கை: முதல் வேலை இதுதான்

மென்பொருளில் உள்ள பிழையை வழு என்கிறோம். அதை முறையாக எழுதித் தெரிவிப்பது வழு அறிக்கை. டெபியனில் இதற்குக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, எல்லாம் மின்னஞ்சலில் நடக்கும். ரிப்போர்ட்பக் என்ற கருவியை ஓட்டினால் உங்கள் பேக்கேஜின் பதிப்பு எண்ணை அதுவே எடுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், அந்தப் பேக்கேஜில் ஏற்கெனவே பதிவான வழுக்களைக் காட்டும். பொறுமையாகப் படியுங்கள். உங்களுடையது அங்கே இருந்தால் புதிதாகத் திறக்காமல் அதிலேயே உங்கள் தகவலைச் சேருங்கள். ஒரு எச்சரிக்கை: உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் அதில் பொதுவெளியில் நிரந்தரமாக இருக்கும். சொந்த முகவரி வேண்டாம் என்றால் இதற்கென்று தனியாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

"தமிழ் வேலை செய்யவில்லை, உடனே சரிசெய்யவும்" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. கீழே இருப்பது விளக்கத்துக்காக நான் கற்பித்த ஒரு வழு.

தலைப்பு: தமிழ்99இல் 'கொ' அடித்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்தினால் 'க'வும் அழிகிறது.

செய்தது: க்னோம் அமைப்புகளில் எம்17என் வழி வரும் தமிழ்99ஐச் சேர்த்தேன். லிப்ரேஆபிஸின் ரைட்டரில் வெற்று ஆவணம் திறந்து எச், சி, பேக்ஸ்பேஸ் என்று வரிசையாக அழுத்தினேன்.

எதிர்பார்த்தது: 'க' மிஞ்ச வேண்டும்.

நடந்தது: ஒன்றும் மிஞ்சவில்லை. ஒவ்வொரு முறையும் இப்படியே.

ஒப்பிட்டது: க்னோமின் உரை எடிட்டரில் இதே வரிசையில் 'க' மிஞ்சுகிறது. புதிய பயனர் கணக்கிலும் ரைட்டரில் அழிகிறது.

இவ்வளவுதான். கடைசி வரியை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். எடிட்டரில் சரியாக இருப்பதால் விசைப்பலகைக் கோப்பின் மேல் சந்தேகம் குறைகிறது, புதிய கணக்கிலும் வருவதால் உங்கள் சொந்த அமைப்புகள் காரணமல்ல என்றும் ஆகிவிடுகிறது. பராமரிப்பாளர் ஒரு மாலை முழுக்கச் செய்ய வேண்டியதை நீங்கள் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

அறிக்கையில் தீவிரம் என்று ஒரு புலம் உண்டு, 'ஆசைப்பட்டியல்' தொடங்கி 'மிகக் கடுமை' வரை. நம் வழு நமக்குப் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் மேல்மட்டத் தீவிரங்கள் ஒரு பேக்கேஜை வெளியீட்டிலிருந்தே நீக்க வைக்கக்கூடியவை. 'சாதாரணம்' என்றே விடுங்கள், தேவைப்பட்டால் அவர்கள் உயர்த்துவார்கள். அப்புறம், செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் "வழு அறிக்கை எழுதித் தா" என்று கேட்டு வாங்கி அப்படியே அனுப்புவது இப்போது புது வியாதி. மொழியைச் சீர்செய்ய அதைப் பயன்படுத்தினால் குற்றமில்லை. ஆனால் "செய்தது", "நடந்தது" இரண்டும் உங்கள் விரலும் கண்ணும் பார்த்ததாக இருக்க வேண்டும்.

பழைய வழுக்களைத் தட்டிப் பார்ப்பது

சொந்தமாக வழு எதுவும் கிடைக்கவில்லையா? அடுத்தவருடையதை எடுத்துக்கொள்ளுங்கள். டெபியனின் வழுப்பதிவில் ஆண்டுக்கணக்காகத் திறந்தே கிடப்பவை எக்கச்சக்கம். பல எப்போதோ சரியாகியிருக்கும், யாரும் திரும்பப் பார்த்திருக்கமாட்டார்கள். நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு செயலியைத் தேர்ந்தெடுங்கள். அதன் பழைய வழு ஒன்றில் சொல்லியிருக்கும் படிகளை இன்றைய அன்ஸ்டேபிள் பதிப்பில் செய்து பாருங்கள். "இந்தப் பதிப்பில் இது வரவில்லை, இந்தப் படிகளைச் செய்தேன்" என்று பதில் எழுதுங்கள். வந்தால், "இன்னும் வருகிறது" என்று எழுதுங்கள். இரண்டுமே பயன்தான்.

என்னைக் கேட்டால், புதியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஐம்பது வழுக்களைப் படித்தால் நல்ல அறிக்கை எது, வெட்டி அறிக்கை எது என்று கண் தானாகப் பழகிவிடும். பராமரிப்பாளர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதற்கு எரிச்சல் படுகிறார்கள் என்பதும் புரியும்.

எங்கே தொடங்குவது என்று திகைப்பவர்களுக்காகவே ஒரு பேக்கேஜ் இருக்கிறது. பெயர் 'ஹவ்-கேன்-ஐ-ஹெல்ப்'. இதை நிறுவிவிட்டால், நீங்கள் வேறு ஏதாவது நிறுவும்போதும் புதுப்பிக்கும்போதும், உங்கள் கணினியில் இருக்கும் பேக்கேஜ்களில் எது பராமரிப்பாளர் இல்லாமல் கிடக்கிறது, எதில் புதியவர்களுக்கு ஏற்ற வழு இருக்கிறது என்று பட்டியல் போடும். நீங்கள் பயன்படுத்தாத ஒன்றில் போய்த் தலையைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை.

அன்ஸ்டேபிளை உங்கள் ஒரே கணினியில் நிறுவிவிடாதீர்கள். உங்கள் கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்தால் அழித்துவிட்டு வேறொன்று போட்டுக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பு

செயலியின் திரையில் வரும் வாசகங்கள் நிரலோடு கலந்திருப்பதில்லை. பிஓ கோப்பு என்று தனியாக ஒன்றில் இருக்கும்: ஆங்கில வரி, அதன் கீழே அந்த மொழி வரி, மறுபடி ஆங்கில வரி. தமிழ் தெரிந்தவர் இதை நிரல் அறிவே இல்லாமல் செய்யலாம். ஆனால் அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியாது. 'ஃப்ரீ' என்று ஒற்றைச் சொல் வரும். வட்டில் மீதமிருக்கும் இடத்தைச் சொல்கிறதா, விலையில்லை என்கிறதா என்பது அந்தத் திரையைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் செய்தால் "20 ஜிபி இலவசம்" என்று திரை பெருமையாகச் சொல்லும்.

இரண்டு விஷயம் கவனம். வாசகத்தின் நடுவே சதவீதக் குறியோடு ஓர் எழுத்து வந்தால் அது கோப்பின் பெயரோ எண்ணோ வந்து உட்காரும் இடம். அதைத் தொலைத்துவிட்டால் செயலியே நொண்டும். அடுத்து, 'ஃபஸ்ஸி' என்று குறியிட்ட வரிகள். ஆங்கில மூலம் மாறிவிட்டது, பழைய தமிழ் வரி பொருந்துமா என்று யாராவது பாருங்கள் என்பது அதன் பொருள். பாதியில் நின்றுபோன மொழிபெயர்ப்பில் இவை நிறைய இருக்கும், தொடங்க இதுவே நல்ல இடம். தொடங்குமுன் அந்தத் திட்டத்தின் தமிழ்க் குழுவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே மேசைத்தளத்தில் ஒரு செயலி 'கோப்பு' என்றும் இன்னொன்று 'ஆவணம்' என்றும் சொன்னால் குழம்புவது பயனர்தான்.

பேட்ச் அனுப்பும் நாள் வரும்போது

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பேட்சுக்கு வரலாம். டெபியன் பேக்கேஜ்களில் பெரும்பாலானவற்றின் மூல நிரல் சல்சா என்ற தளத்தில் இருக்கிறது. நிரலைச் சேமித்துப் பலர் சேர்ந்து திருத்த உதவும் கிட்லேப் என்ற மென்பொருளில் ஓடுவது அது. கிட்ஹப் பழகியவர்களுக்கு அது அன்னியமாகத் தெரியாது. கெர்னலின் வழக்கம் வேறு. அங்கே பேட்ச் இன்றும் மின்னஞ்சலில்தான் போகிறது, ஒவ்வொன்றின் அடியிலும் "இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு" என்ற பொருளில் ஒப்பமிட்ட வரி இருக்க வேண்டும். 2004இல் வந்த முறை அது. எந்தக் கோப்புக்கு யாரிடம் அனுப்ப வேண்டும் என்று சொல்லும் கருவியும், நடை சரியா என்று பார்க்கும் கருவியும் கெர்னல் மூலத்துடனே வருகின்றன. அவற்றை ஓட்டாமல் அனுப்பினால், ஓட்டிவிட்டு வா என்று திருப்பி அனுப்புவார்கள்.

எங்கே அனுப்பினாலும், ஒரு பேட்சில் ஒரே மாற்றம். வழுவைத் திருத்தப் போன இடத்தில் பக்கத்து வரிகளின் இடைவெளியையும் அழகுபடுத்தி அனுப்பாதீர்கள். பார்ப்பவருக்கு எது திருத்தம், எது அலங்காரம் என்றே தெரியாமல் போகும்.

ஏன் உடனே நம்ப மாட்டார்கள்

சின்ன மாற்றத்துக்கு இத்தனை கேள்வியா என்று தோன்றும்போது 2024ஐ நினைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள், ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருப்பது. அதை ஒருவர் தனியாளாகப் பராமரித்துக்கொண்டிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஓர் ஆள் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் பேட்ச் அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, இடையிலேயே இணைப் பராமரிப்பாளரும் ஆனார். பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் கள்ளக் கதவு ஒன்றை மறைத்து வைத்தார். அது டெபியனின் அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் வந்துவிட்டது. ஸ்டேபிளுக்கு வரவில்லை. மேலே சொன்ன மூன்று படிகள் இருப்பது சும்மா இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர் பாதுகாப்புத் துறை ஆள் அல்ல. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் ஒரு தரவுத்தள நிரலாளர், போஸ்ட்கிரெஸில் வேலை செய்பவர். டெபியன் அன்ஸ்டேபிளில் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் வழி (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை அது) நுழைவது வழக்கத்தைவிடத் தாமதமாவதைக் கவனித்தார். 0.299 நொடியில் முடிந்தது, 0.807 நொடி ஆகிறது. அரை நொடி. பெரும்பாலானவர்கள் நெட் ஸ்லோ என்று விட்டிருப்பார்கள். அவர் எந்த அடுக்கில் அந்த அரை நொடி போகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், சுருக்கும் நூலகத்தில் வந்து நின்றார். மார்ச் 29 அன்று, செய்தது, நடந்தது, அளந்த எண்கள் எல்லாவற்றோடும் பொதுவில் எழுதினார். அதுவும் ஒரு வழு அறிக்கைதான்.

ஆகவே புதியவரின் பேட்சைச் சந்தேகத்தோடு பார்ப்பதைத் தனிப்பட்ட அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேட்சைவிட வழு அறிக்கைக்கும் பழைய வழுவைச் சோதிப்பதற்கும் இந்தத் தடை குறைவு, ஏனென்றால் அவற்றை யாரும் திரும்பச் செய்து சரிபார்த்துவிடலாம். ஆளை நம்ப வேண்டியதில்லை. இந்த வேலைகள் இரண்டாம் தரமும் அல்ல. பேக்கேஜ் கட்டாதவர்களும், மொழிபெயர்ப்பவர்களும் ஆவணம் எழுதுபவர்களும் உட்பட, முழு உறுப்பினராகலாம் என்று டெபியன் 2010இல் வாக்கெடுப்பு நடத்தியே முடிவு செய்தது. திட்டத் தலைவர் தேர்தலில் அவர்களுக்கும் வாக்கு உண்டு.

பதில் வராவிட்டால்

வராமல் போகும். முதல் அறிக்கைக்கே மௌனம்தான் கிடைக்கும் என்று எதிர்பார்த்துவிடுங்கள். அந்தப் பராமரிப்பாளருக்குப் பரீட்சையோ, பிள்ளையோ, வேலை மாற்றமோ இருக்கலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். "என்ன ஆயிற்று?" என்று வெறுமனே கேட்காமல், "நேற்று வந்த புதிய பதிப்பிலும் சோதித்தேன், இன்னும் வருகிறது" என்று புதிதாக ஏதாவது ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அதே வழு அப்ஸ்ட்ரீமில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயும் பதிந்து, டெபியன் அறிக்கையில் அதன் இணைப்பைச் சேர்த்துவிடுங்கள். பிறகு அடுத்த வழுவுக்குப் போகலாம்.